கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி: திராட்சைத் தோட்டம், அருவி, மேகமலை, தங்குமிடம்

மதுரையிலிருந்து கிளம்பும் கார்களில் பாதி, கம்பம் பள்ளத்தாக்கைத் தேக்கடிக்குப் போகிற வழியாக மட்டும்தான் பார்க்கிறது. உத்தமபாளையத்தில் ஒரு டீ, கம்பத்தில் பெட்ரோல், அப்புறம் நேரே குமுளி மலை. இடையில் இரண்டு பக்கமும் ஓடும் பச்சை, கண்ணாடி வழியாகவே கடந்துபோகிறது. குமுளியில் அறைக்குக் கொடுக்கிற காசில் இங்கே வசதியாகவே தங்கலாம். பார்க்க வேண்டியவையும் இங்கேதான் இருக்கின்றன. ஒரு நாளில் ஓடிப் பார்த்தால் எதுவும் கையில் நிற்காது. இரண்டு ராத்திரி, மூன்று பகல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலத்தை முடிவு செய்ய வேண்டும். அருவிக்கும் திராட்சைக்கும் ஒத்துப்போகாது. சுருளியில் தண்ணீர் நன்றாக விழும் ஐப்பசி, கார்த்திகையில் தோட்டத்துப் பழம் மோசமாக இருக்கும். பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் வேர் சட்டென்று தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பழத்துக்குள் சாறு பெருகுகிற வேகத்துக்குத் தோல் விரிந்துகொடுக்காது, வெடித்துவிடும். வெடித்த ஒரு பழத்தில் பூஞ்சை பிடித்தால் குலையே போச்சு. மாறாகச் சித்திரை, வைகாசியில் பழம் தேனாக இருக்கும், அருவி நூலாகிவிடும், சில வருஷம் அதுவும் இருக்காது. இரண்டும் ஓரளவு கிடைக்கிற காலம் பொங்கல் கழிந்து மாசி முடிய. சபரிமலைக் கூட்டம் ஓய்ந்திருக்கும், காலையில் குளிர் இருக்கும், மலையிலிருந்து தண்ணீரும் இன்னும் வந்துகொண்டிருக்கும். அடுத்த நல்ல காலம் ஆடி, ஆவணி. தென்மேற்குச் சாரல் கணவாய் வழியாக இறங்கிப் பள்ளத்தாக்கே குளிர்ந்திருக்கும். காற்று மட்டும் பலமாக அடிக்கும்.

கார்த்திகை, மார்கழியில்தான் வர முடியும் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இது ஐயப்ப பக்தர்களின் பிரதான வழி. கூட்டம் ஏறும்போது கம்பத்திலிருந்து மேலே போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு என்ற இன்னொரு மலைச்சாலை வழியாகத் திருப்பிவிட்டு, குமுளி வழியாக இறங்க விடுவார்கள். கம்பத்தில் லாட்ஜ் கிடைப்பதும் அந்த நாட்களில் கஷ்டம்.

மதுரையிலிருந்து தேனி 75 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து கம்பம் 40. பஸ் என்றால் ஆரப்பாளையம் நிலையத்தில் தேனி, கம்பம், குமுளி வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். கம்பத்துக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் பிடிக்கும். ரயிலில் போக ஆசைப்படுபவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் ரயில் திரும்ப வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயை ரயிலில் கடப்பது நன்றாகவே இருக்கும். ஆனால் கம்பத்துக்கு ரயில் பாதை கிடையாது. தேனியில் இறங்கி பஸ் ஏற வேண்டும். மேகமலையையும் தோட்டங்களையும் பார்ப்பதற்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால்தான் நேரம் வீணாகாது.

போகும்போதே வைகை அணையைப் பார்த்துவிடுங்கள். ஆண்டிபட்டியில் பிரதான சாலையை விட்டு ஏழெட்டு கிலோமீட்டர்தான். 1959 ஜனவரியில் காமராஜர் திறந்த அணை, 71 அடி வரை தண்ணீர் தேக்குகிறார்கள். இரண்டு கரையிலும் பூங்கா, நடுவில் சிறு பாலம். பிள்ளைகள் இருந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அணை மீன் வறுவலுக்குப் பேர்போன கடைகள் அங்கே உண்டு. எண்ணெயின் நிறத்தைப் பார்த்து, கறுத்திருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்புறம் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழா எட்டு நாள், அப்போது தேனி–கம்பம் சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். சாமி கும்பிடப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கும் இதே கணக்குத்தான். சனிக்கிழமை, அதிலும் ஆடிச் சனி என்றால் வரிசையிலேயே அரை நாள் போகும். செவ்வாய், புதனில் பத்து நிமிஷத்தில் தரிசனம் முடித்து ஆற்றங்கரை மரத்தடியில் உட்காரலாம்.

வழியில் அதிகம் பேர் நிற்காத ஓர் இடம் உத்தமபாளையத்தில் இருக்கிறது. ஊரை ஒட்டிய கருப்பணசாமி கோயில் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வரிகள். மதுரைப் பக்கத்துச் சமண மலைகளான கீழக்குயில்குடியும் அரிட்டாபட்டியும் பார்த்தவர்களுக்கு இது அந்தத் தொடர்ச்சிதான் என்று உடனே புரியும். காலை வெயில் சாய்வாக விழும்போதோ மாலையிலோ போனால் எழுத்து தெரியும். உச்சி வெயிலில் பாறை மொத்தமும் ஒரே வெளுப்பாக இருக்கும்.

இனித் திராட்சை. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இந்த வட்டாரம் முழுக்கப் பந்தல்தான். விளைவது பன்னீர் திராட்சை. உலகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்லும் ரகம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ராயப்பன்பட்டிப் பக்கத்துத் தேவாலயங்களைப் பார்த்தால் அது நடந்திருக்கும் என்றே தோன்றும். விதையில்லாத் திராட்சை வேண்டுமென்றால் ஓடைப்பட்டிப் பக்கம் போக வேண்டும். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீசன். இங்கே எந்த மாதம் வந்தாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். காரணம் கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. குளிர்நாடுகளில் கொடி பனியில் உறங்கி வசந்தத்தில் துளிர்க்கிறது. இங்கே அந்த உறக்கம் கிடையாது, கத்தரிக்கோல்தான் காலத்தை முடிவு செய்கிறது. கவாத்து செய்து சுமார் நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். ஒவ்வொரு தோட்டக்காரரும் தனக்குத் தோதான தேதியில் கவாத்து செய்வதால், ஒரு பந்தல் மொட்டையாக நிற்க, வரப்புக்கு அடுத்த பக்கம் பூவிட்டிருக்கும், அதற்கும் அடுத்ததில் குலை கறுத்துத் தொங்கும். ஆகவே கண்ணில் பட்ட முதல் தோட்டத்தில் பழம் இல்லையே என்று திரும்பிவிடாதீர்கள். சுருளிப்பட்டி டீக்கடையில் “இன்னிக்கு எங்கண்ணே வெட்டு நடக்குது?” என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள்.

போக வேண்டிய நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டரை. வெயில் ஏறுவதற்கு முன்னே வெட்டி முடிப்பார்கள். வெயிலில் சூடேறிய பழத்தைப் பெட்டியில் அடைத்தால் சீக்கிரம் காம்பிலிருந்து கொட்டும். கல்தூண், அதன் மேல் கம்பி வலை, அதில் படர்ந்த கொடி. குலைகள் தலைக்கு நேராகத் தொங்கும், உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். ஒருவர் காம்பைக் கத்தரித்துக் கொடுக்க, வரப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிறு கத்தரியால் வெடித்த பழத்தையும் சுண்டின காயையும் கழிப்பார்கள். பழத்தின் உடம்பில் அவர்கள் விரலே படாது, காம்பைப் பிடித்தே திருப்புவார்கள். அந்தக் கறுப்புத் தோலின் மேல் பூசியதுபோல ஒரு வெண்சாம்பல் மெருகு இருக்கிறதே, அது மருந்து அல்ல. பழமே தன் மேல் போட்டுக்கொள்ளும் மெழுகு. விரல் பட்டால் அழிந்து கைரேகை அப்படியே நிற்கும், சந்தையில் விலையும் குறையும். குலையைத் தொட்டுப் போட்டோ எடுக்காதீர்கள் என்று தோட்டக்காரர் சொல்வது இதனால்தான்.

மருந்து வேறு விதமாகத் தெரியும். இலையிலும் கம்பியிலும் வெளிர்நீலத் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தால் அது போர்டோ கலவை. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. இலையின் அடியில் பூசணம் பூக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. மழை, பனிக் காலத்தில் அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கும். இது தவிர வேறு மருந்துகளும் உண்டு. ஆகவே கொடியிலிருந்து பறித்து நேரே வாயில் போடும் ஆசை வேண்டாம். வாங்கி, தண்ணீரில் நன்றாக அலசிச் சாப்பிடுங்கள். கவாத்து முடித்த மறுநாட்களில் மொட்டு சீக்கிரம் வெடிக்கக் கொம்புகளில் ஒரு ரசாயனம் தடவுவார்கள், அது தோலில் பட்டால் கெடுதல். இலையே இல்லாத பந்தலுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். இன்னொன்று கிணறு. பல தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள் இருக்கும், வரப்போ வழுக்கும். சின்னப் பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

கேட்காமல் நுழையாதீர்கள். காவலுக்கு இருப்பவரிடம் “அண்ணே, உள்ள பாத்துட்டு வரலாமா? ரெண்டு கிலோ வாங்கிக்கிறோம்” என்றால் பெரும்பாலும் விடுவார்கள். சில தோட்டங்கள் வருகிறவர்களுக்கென்றே திறந்து, சிறு கட்டணம் வாங்கி, பழச்சாறும் ஜாமும் விற்கின்றன. இரண்டையும் பார்த்தால் நல்லது. வேலை நடக்கும் தோட்டத்தில்தான் விவசாயம் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது காம்பு. பச்சையாக, ஒடித்தால் முறிகிற மாதிரி இருந்தால் இன்று வெட்டியது. பழுப்பாகி வளைந்தால் இரண்டு நாள் ஆகிவிட்டது. குலையைக் காம்பில் பிடித்து லேசாக ஆட்டுங்கள். பொலபொலவென்று கொட்டினால் வேண்டாம். ருசி பார்க்கக் கடைக்காரர் மேல் பழத்தைக் கிள்ளிக் கொடுப்பார், நீங்கள் குலையின் நுனிப் பழத்தைக் கேளுங்கள். நுனிதான் கடைசியில் பழுக்கும். அது இனித்தால் குலை முழுக்க இனிக்கும். நடுநடுவே பச்சைக் காய் தெரிந்தால், கொடி தாங்குவதற்கு மேல் காய் விட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

திராட்சை என்றதும் ஒயினைப் பற்றிக் கேட்பார்கள். மேகமலை அடிவாரத்தில் ஒயின் ஆலை உண்டு. ஆனால் நாசிக் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சுவைத்து வருவதுபோல இங்கே ஒரு நாளைத் திட்டமிட வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கின் பழம் பெரும்பாலும் சாப்பிடுவதற்காகவே வெட்டப்படுகிறது. ஒயினுக்குச் சிறிய, தடித்த தோலுள்ள, சர்க்கரை மிகுந்த பழம் தேவை. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. பன்னீரின் பலம் அதன் வாசனை. சாற்றில் 18 பிரிக்ஸ், அதாவது நூறு கிராமுக்குச் சுமார் 18 கிராம் சர்க்கரை இருந்தால், முழுக்கப் புளித்தபிறகு சுமார் பத்து சதவீதம் ஆல்கஹால் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கொடியிலேயே இன்னும் சில நாள் விட வேண்டும், அதற்குள் ஒரு மழை வந்தால் எல்லாம் போய்விடும். இந்தப் பக்கத்து விவசாயி ஏன் காத்திருப்பதில்லை என்பதற்கு இதுவே பதில். வீட்டு ஒயின் என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் காய்ச்சுவதும் விற்பதும் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். குமுளி தாண்டி வாங்கிக்கொண்டு இறங்குவதும் சோதனைச் சாவடியில் சிக்கலாகும். திராட்சைச் சாற்றையே குடியுங்கள். ஐஸ், சர்க்கரை இல்லாமல் போடச் சொன்னால்தான் அந்தப் பன்னீர் வாசனை மூக்குக்கு வரும்.

இரண்டாம் நாள் காலை சுருளி அருவி. கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர். வனத்துறை வாசலில் கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பிளாஸ்டிக் எதுவும் கூடாது. குரங்குகள் பையைப் பறிக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் திதி கொடுக்க வரும் கூட்டத்தால் குளிக்க இடம் கிடைக்காது. கம்பத்தில் வானம் வெளுத்திருக்கிறது என்று நம்பிப் போய் ஏமாறுபவர்கள் நிறைய. அருவியின் தண்ணீர் மேலே மேகமலையில் தூவானம், ஹைவேவிஸ் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வந்துவிடும். யானைக் கூட்டம் அருவிப் பாதைக்கு வந்தாலும் மூடிவிடுவார்கள். முதல் நாள் ராத்திரியே தங்குமிடத்தில் “நாளைக்குச் சுருளி திறப்பாங்களா?” என்று கேட்டுவையுங்கள்.

அங்கிருந்து கூடலூர் தாண்டி, குமுளி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப். இங்கே நின்று பார்த்தால்தான் பள்ளத்தாக்கு ஏன் இப்படிப் பச்சையாக இருக்கிறது என்று விளங்கும். மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றை 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்புகிறது. மலைச்சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் சாலையிலிருந்தே தெரியும். மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு அந்தத் தண்ணீர் ஆறாக வயலுக்குள் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பி நிற்கிறது. மிச்சம் வைகை அணைக்குப் போய் மதுரைக்கு வருகிறது. வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரின் தலைமாட்டை மதுரைக்காரர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று மனசாரச் சொல்வேன். அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் சாலையோரத்திலேயே இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று விவசாயிகள் அங்கே பொங்கல் வைப்பார்கள். இந்த ஊர்களில் பல வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மலைச்சாலையில் ஓட்டுபவர்கள் ஜீப் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம், கூடலூர், போடியிலிருந்து கேரள எல்லைக்கு ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக ஏறும், சாயங்காலம் நாலரைக்கு மேல் அதே வேகத்தில் இறங்கும். குமுளிச் சாலையிலும் கம்பம்மெட்டுச் சாலையிலும் போடிமெட்டிலும் அந்த நேரத்தில் வளைவுகளில் ஒதுங்கியே ஓட்டுங்கள்.

மூன்றாம் நாளுக்கு மேகமலை. கம்பத்திலிருந்து அதிகாலை கிளம்பிச் சின்னமனூர் வந்து, பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பி, பணமும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எதையும் நம்ப முடியாது. தென்பழனி வனத்துறைச் சாவடி காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும். இருட்டில் ஏறவோ இறங்கவோ விடமாட்டார்கள். இது 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர்ப் பலகை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதியில் கருகல் வாசனை வரும், பிடிப்பு போய்விடும். வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி அரை மணி ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மேலே தேயிலையும் அதற்கு நடுவே நீர்த்தேக்கங்களும். ஹைவேவிஸ், மணலாறு வரை சாதாரணக் காரே போகும். மேல்மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டுப் பக்கம் சாலை மோசம். அடிப்பாகம் தரையிலிருந்து உயரமாக உள்ள வண்டி இல்லையென்றால் மணலாற்றோடு திரும்பிவிடுங்கள், குறை ஒன்றுமில்லை. காலை பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் எதிரே நிற்கும் ஆளே தெரியாது. தண்ணீரில் இறங்காதீர்கள், தேயிலைக்குள் நடக்காதீர்கள். காட்டுமாடும் யானையும் பகலிலேயே அங்கே நிற்கும்.

தங்குவதைப் பொறுத்தவரை மூன்று வழி. கம்பம் ஊருக்குள் லாட்ஜ்: மலிவு, சாப்பாடு பக்கத்தில். ஆனால் பிரதான சாலையைப் பார்த்த அறையை எடுத்தால் ராத்திரி முழுக்கக் கேரள லாரிதான், பின்பக்க அறை கேளுங்கள். சுடுதண்ணீர் எத்தனை மணி வரை என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிச் சாலைகளில் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகள். குடும்பத்தோடு வருபவர்களுக்கு இதுதான் சரி. ஐந்து மணிக்குள் சொன்னால்தான் இரவுச் சாப்பாடு கிடைக்கும். பாசன நிலம் என்பதால் கொசு உண்டு, ஜன்னலில் வலை இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்னே கேளுங்கள். பக்கத்துப் பந்தலில் அந்த வாரம் மருந்தடிப்பு உண்டா என்றும் கேட்டுவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது முக்கியம். மூன்றாவது மேகமலையிலேயே தங்குவது. பேரூராட்சி விடுதியும் சில எஸ்டேட் பங்களாக்களும்தான், அறைகள் குறைவு. கையில் பதிவு இல்லாமல் மேலே ஏறி, இடம் கிடைக்காமல் சாவடி மூடும் நேரத்துக்கு அடித்துப்பிடித்து இறங்குகிறவர்கள் ஒவ்வொரு வாரக்கடைசியிலும் இருக்கிறார்கள்.

ஊருக்குப் பழம் எடுத்துப்போவதென்றால் திரும்பும் நாள் காலையில் வாங்குங்கள், முதல் நாளே வாங்கி டிக்கியில் போட்டால் கஞ்சியாகிவிடும். அன்றைக்கு மேகமலைக்கும் போவதாக இருந்தால், இறங்கி வந்தபிறகு சின்னமனூரில் வாங்கினால் போதும். பன்னீருக்குத் தோல் மெல்லிசு, வெளியில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது. அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து ஒரே அடுக்காக, காம்பு மேலே பார்க்க வையுங்கள். இரண்டாம் அடுக்கு வைத்தால் கீழ் அடுக்கு நசுங்கும். டிக்கியை விடக் காருக்குள், பின் சீட்டுக்குக் கீழே வைப்பது மேல். வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடாதீர்கள். ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். வெடித்ததை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, துணிப்பையில் போட்டு உள்ளே வைத்து, சாப்பிடுகிற அளவுக்கு அவ்வப்போது எடுத்து அலசிக்கொள்ளுங்கள்.